ரன்னுக்கு ஒரு சாட்சி

ஹார்பெக், கம்ப்ரியா
3 ஜூலை 1979

அகராதி அரசி ஹில்டா அக்காவுக்கு,

அம்மா நலம், அப்பாவின் மதுக்கடை நலம், உன் கட்டிலைப் பிடித்துக்கொண்ட பூனை மிக மிக நலம்.

அகராதி அலுவலகத்தில் ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லோடு என் அக்கா ஒரு வருஷமாக மல்லுக்கட்டுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். "ரன்னா? அதுல என்னடா இருக்கு, ஓடறதுதானே?" என்றார் தபால்காரர். விடுவேனா? கால் ஓடினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன். அம்மாவின் காலுறையில் இழை பிரிந்தாலும் ரன், அப்பா கடை நடத்துவதும் ரன். தேர்தல் வந்தால் நம் ஆட்கள் நிற்கிறார்கள், அமெரிக்காக்காரர்கள் ரன் செய்கிறார்கள். யார் துரத்துகிறார்களோ. மனுஷர் தலைசுற்றி, எங்கள் தபாலைக் கொடுக்காமலே போய்விட்டார். இத்தனை வேலையையும் மூன்றே ஆங்கில எழுத்து செய்கிறது. அதை மேய்க்கிறவள் என் அக்கா. பெருமையாக இருக்கிறது.

நீங்கள் அகராதியில் சாட்சியாகக் காட்டுகிற மாதிரி, ரன் வருகிற வாக்கியங்களை உனக்கு உதவியாகச் சீட்டுகளில் எழுதினேன். எங்கே ரன் நடந்ததோ அங்கேயே ஒட்டினேன். ஒழுகும் சமையலறைக் குழாயில் ஒன்று. சளி பிடித்த பாதிரியாரின் பிரசங்க மேடையில் ஒன்று. அதற்கு அப்பாவிடம் வாங்கியது தனிக்கதை. சீட்டுகளைப் பிய்த்தெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18 மலையோட்டம். நான் ஓடும் முதல் வருஷம். ஓட்டம் முடிகிற கற்சுவரில் உட்கார்ந்து கத்துவேன் என்று வாக்குக் கொடுத்தாய். போன இரண்டு கிறிஸ்துமஸுக்கும்கூட வருவதாகத்தான் சொன்னாய். சும்மா, ஞாபகத்துக்குச் சொன்னேன்.

உன் தம்பி,
ஐவோ

ஆக்ஸ்ஃபோர்டு
20 ஜூலை 1979

அன்புள்ள ஐவோ,

டேய், சீட்டுகளைப் படித்து அலுவலகமே சிரித்தது. ஆனால் ஒன்றையும் எடுத்துக்கொள்ள முடியாது. அச்சில் வந்திருக்க வேண்டும், தேதி இருக்க வேண்டும். நீயே எழுதி நீயே ஒட்டியது சாட்சி ஆகாது.

ஒன்று சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். ரன்னின் வேரைத் தோண்டினால் தண்ணீர் வருகிறது. ஜெர்மன் மொழியில் இருக்கும் அதன் உடன்பிறப்பு ஒன்றுக்கு இன்றும் கால் முளைக்கவில்லை. சொட்டும், வழியும், அவ்வளவுதான். நம் வீட்டுக் குழாய் மாதிரி.

பக்கங்கள் அச்சுக்குப் போகும் நேரம். 18ஆம் தேதி வரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
ஹில்டா

ஹார்பெக்
26 ஆகஸ்ட் 1979

அக்கா,

வரப் பார்த்தாய், தெரியும். கண்ணுக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

பாதி மலையில் ஓடையில் விழுந்தேன். உன் சொல் பிறந்த இடத்தில் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தேன். கடைசி. நான் இறங்கி வந்தபோது ஊரே தேநீருக்குப் போயிருந்தது. சுவரோரம் ஒரு ஆடு மட்டும் நின்றது. என்னைப் பார்த்துக் கத்தியது. உன் வாக்கை அதுதான் காப்பாற்றியது.

அப்புறம் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, ஏன் இவ்வளவு மெதுவாக ஓடினாய் என்று கேட்டார். நான் சொன்னதை அப்படியே போட்டுவிட்டார். வெட்டி அனுப்பியிருக்கிறேன். அச்சில் இருக்கிறது, தேதி இருக்கிறது. இனி என்ன சாக்கு சொல்வாய்?

ஐவோ

ஆக்ஸ்ஃபோர்டு
29 ஆகஸ்ட் 1979

என் ஐவோவுக்கு,

"எங்க அக்கா வந்து சேரட்டும்னுதான் மெதுவா ஓடினேன்."

சாட்சி செல்லும். கால்களால் ஓடுதல் என்ற பொருளுக்கு அடியில், தேதியோடு, உன் வாக்கியத்தைச் சேர்த்துவிட்டேன். எத்தனையோ மேதைகளின் வரிகள் கைக்கு வந்தன. ஒன்றும் என்னை எழுந்து ஜன்னல் பக்கம் போக வைக்கவில்லை.

மற்ற பக்கங்களைச் சக ஊழியரிடம் கொடுத்துவிட்டேன். ரன் என்னைவிட வயதானது, நான் இல்லாமலும் ஓடும். வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன்.

சனிக்கிழமை காலை நீ மறுபடி மலை ஏறி இறங்கு. சுவரில் நான் இருப்பேன். ஆட்டுக்கு விடுமுறை கொடு. போட்டிக்கு ஆள் கிடையாது, முதலும் நீதான், கடைசியும் நீதான்.

இந்தத் தடவை வேகமாகவே ஓடலாம்.

அக்கா