புவனாவுக்குக் கை எட்டவில்லை

ரெட்டிபாளையம்
20.7.2003

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கும் மாப்பிள்ளை முத்துவேலுக்கும் அப்பா பூமாலை எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உங்கள் மகள் புவனாவும் மாரியாத்தா புண்ணியத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், திருப்பூரில் நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். ஆடி பிறந்ததும் காற்று ஆரம்பித்துவிட்டது, சிமெண்ட் பேக்டரிப் புழுதி சோற்றுப் பானை வரைக்கும் வருகிறது, உன் அம்மா காற்றைத் திட்டுகிறாள், அது கேட்கவில்லை என்று என்னைத் திட்டுகிறாள். புவனாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாச்சா என்று நீ மறுபடி மறுபடி கேட்டு எழுதுகிறாய், நான்தான் பதில் எழுதாமல் இழுத்தடித்தேன். சேர்க்கவில்லை அம்மா. உடனே கண்ணைக் கசக்காதே, முழுவதையும் படி.

பொங்கலுக்கு நீ வந்தபோது ரோட்டுக்கு மேற்கே பொட்டலில் அஸ்திவாரம் மட்டும் தெரிந்ததே, அங்கே இப்போது வரிசையாக வீடுகள். அரசாங்கம் கட்டிக் கொடுத்தது, சின்ன வீடுதான், ஆனாலும் ஒழுகாத கூரை. சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவர்கள், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காட்டில் கூலிக்குக் கிடந்தவர்கள், குடிசையில் முடங்கிக் கிடந்த சனம் எல்லாம் சித்திரையில் பால் காய்ச்சிக் குடி வந்தது. எனக்குப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, கைக்குழந்தையாக உன்னைத் தூக்கிக்கொண்டு மழைக்குக் கோயில் மண்டபத்தில் நாங்கள் ஒண்டியது மறக்குமா. ஆனால் இத்தனை வீடு கட்டிய மகராசன்களுக்கு வீடு என்றால் உள்ளே பிள்ளைகளும் இருக்கும் என்பது தோன்றவே இல்லை பார். பள்ளிக்கூடத்தில் அதே இரண்டு அறை, அதே இரண்டு வாத்தியார். ஜூன் மாதம் கதவு திறந்த அன்றைக்கு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாள் மாதிரி கூட்டம். வாசற்படி வரைக்கும் பிள்ளைகள், பின்னால் இருப்பவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை, நடுவில் இருப்பவன் காலை நீட்டினால் சண்டை.

ஹெட்மாஸ்டர் பெரியசாமி சார் பாவம், ஊரைக் கூட்டி யோசனை கேட்டார். நம் தெரு வைத்திலிங்கம் எழுந்து, நம்மூருப் புள்ளைங்களச் சேத்துக்கிட்டு மிச்சம் இருந்தா அவுங்களுக்குக் குடுங்க சார் என்றான். அப்டிப் பிரிச்சுப் பாக்க முடியாதுங்க, அஞ்சு வயசு ஆயிருந்தா எனக்கு எல்லாரும் ஒண்ணுதான் என்றார் சார். பிறந்த சர்டிபிகேட் பாதிப் பிள்ளைகளுக்கு இல்லை, நம் புவனாவுக்கும் இல்லை. அதனால் பழைய வழக்கப்படி வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட வேண்டும், தொட்டால் இந்த வருடம், தொடாவிட்டால் அடுத்த வருடம் என்று முடிவானது. நானும் நன்றாகத் தலையாட்டினேன். புவனா மாப்பிள்ளை மாதிரி நெட்டையாயிற்றே, அவளுக்கு எட்டாமல் யாருக்கு எட்டப்போகிறது என்ற தைரியம்தான். சேர்க்கைக்கு முன்னால் தினமும் தொட்டுக் காட்டச் சொல்லிப் பழக்கினேன், கழுதை தொட்டதோடு நிற்காமல் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிரிக்கும்.

புதுக் குடியிருப்பில் முதல் வீடு பஞ்சவர்ணம் என்ற பெண்ணுடையது. புருஷன் இல்லை, கல் வெட்டப் போகிறாள். அவள் மகள் காத்தாயிக்குப் புவனா வயதுதான், ஆனால் வற்றல் மிளகாய் மாதிரி இருப்பாள். குடி வந்த நாளிலிருந்து இரண்டும் ஒட்டிக்கொண்டே திரிகின்றன, சோறு தின்னக்கூடப் பிரித்து இழுத்துவர வேண்டியிருக்கிறது. சேர்க்கை அன்றைக்கு வரிசையில் காத்தாயி முன்னால், புவனா பின்னால். காத்தாயி எக்கிப் பார்த்தாள், கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள், விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. வூட்ல வெச்சுப் பாக்க ஆளு இல்லீங்க சார், நாள் முச்சூடும் புள்ளயப் பூட்டி வெச்சுட்டு வேலைக்குப் போவ முடியுமா என்று பஞ்சவர்ணம் கெஞ்சினாள். சாருக்கு முகமே வாடிப்போயிற்று, ஆனாலும் ஒரு பிள்ளைக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்து நம் ஆள். கையைத் தூக்கினாள், உச்சந்தலையோடு நிறுத்திக்கொண்டாள். எட்டிப் புடிடீ என்கிறேன், எட்டல தாத்தா என்கிறாள். பயமாக இருக்கும் என்று சார் இன்னொரு தடவை தூக்கச் சொன்னார், அப்போதும் உச்சந்தலைதான். எனக்கு ஊர் நடுவே மானம் போயிற்று, வரும் வழியெல்லாம் பிள்ளையைத் திட்டிக்கொண்டே வந்தேன். உன் அம்மா அதற்கு மேல், நான் முட்டை வாங்கிப் போடாததால்தான் கை வளரவில்லை என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் இரண்டும் முருங்கை மரத்தடியில் மண்ணில் சோறாக்கி விளையாடின. புவனாவின் இடது கையில் கொட்டாங்கச்சி, அந்தப் பக்கத்துக் காதில் எறும்பு ஏதோ ஏறியிருக்கும் போல. வலது கை தலைக்கு மேலாக வளைந்து போய்ச் சாவகாசமாகக் காதைச் சொறிகிறது. நான்தான் பழக்கி வைத்திருந்தேனே, கை தானாகவே அந்த வழியில் போயிருக்கிறது. நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள், சட்டென்று கையை இறக்கிக்கொண்டு காத்தாயியை ஒட்டி உட்கார்ந்தாள். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் செல்வி, வரவில்லை. நம் பிள்ளை உள்ளே போனால் சரி என்றுதானே நான் கூட்டத்தில் தலையாட்டினேன், உன் மகளுக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் சாரிடம் போனேன். புவனா செய்ததைச் சொல்லவில்லை, அவள் ரகசியம் அவளோடு இருக்கட்டும். கை எட்டாத புள்ளைங்க சும்மா வந்து ஒக்காரட்டும் சார், பேரு எழுத வாணாம், நெழலுக்கு நாங்க பாத்துக்கறோம் என்றேன். அப்பக் கொட்டகையச் சீக்கிரம் போடுங்க என்றார் சார். பஞ்சவர்ணமும் புதுக் குடியிருப்புப் பெண்களும் கீற்று முடைந்தார்கள், அன்றைக்கு அப்படிப் பேசிய வைத்திலிங்கமே மூங்கில் கொடுத்தான், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தை ஒட்டிக் கொட்டகை போட்டாயிற்று. ஆடிக் காற்று பாதிக் கீற்றைத் தூக்கிக்கொண்டு போனது, மறுபடி இழுத்துக் கட்டினோம். உன் அம்மாதான் அங்கே அ, ஆ சொல்லிக் கொடுக்கிறாள், அவள் சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்கிறது, உள்ளே இருக்கிற ஒன்றாம் வகுப்பும் சேர்ந்து சொல்கிறது. கூடுதல் அறை கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், பார்க்கலாம். அடுத்த ஜூனில் இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவேன், ஒரு வருடம் போயிற்றே என்று மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

நைட் ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். தீபாவளிக்குப் புவனாவுக்குக் கவுன் எடுக்கும்போது காத்தாயிக்கும் அதே துணியில் ஒன்று எடுத்து வா. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். இன்னொன்று, மறந்துவிடாதே. நீ வந்து இறங்கியதும் உன் மகள் ஓடி வந்து தலைக்கு மேல் கையைப் போட்டு, இன்னம் எட்டலம்மா என்று காட்டுவாள். எங்களுக்குத் தினமும் காட்டுகிறாள், கொட்டகையிலிருந்து பிரித்து உள்ளே அனுப்பிவிடுவோமோ என்று பயம். கையைப் பிடித்து இழுத்துப் பார்க்காதே. ஆமாண்டி கண்ணு, எட்டலதான் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு
உன் அப்பா
பூமாலை