மைக்ரேஷனுக்கு முன் பத்து நிமிடம்

இன்று காலை பழைய நிரல் கோப்பு ஒன்றைத் திறந்தேன். முதல் வரியிலேயே நீ இருந்தாய். "எடி, இதை மட்டும் அழிச்சுப்போடாதே. பத்து நிமிஷம்தானே, தேத்தண்ணி குடிச்சிட்டு வா." நிரலுக்குள் யாழ்ப்பாணத் தமிழில் குறிப்பு எழுத உன்னை விட்டால் யாருக்கு மனம் வரும்? நீ இந்த உலகை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

கண்டியில் நாம் இருவரும் சேர்ந்து செய்துகொடுத்த சிறுநீரகச் சிகிச்சை நிலையத்தின் இணையத்தளம் உனக்குத் தெரியுமே. நோயாளரின் பெயருக்கு ஒரே கட்டம்தான் வைத்திருந்தோம். அதை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாக்கித் தரச் சொன்னார்கள். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி, தரவுத்தளத்தின் கட்டங்களை மாற்றும் மைக்ரேஷன் நிரலை எழுதி ஓட்டினேன். பெயரில் இடைவெளி வரும் இடத்தில் வெட்டிப் புதுக் கட்டங்களில் போட்டு, பழைய கட்டத்தை நீக்கி, குடும்பப்பெயரைக் கட்டாயமாக்க வேண்டும். கடைசிப் படியில் சிவப்பு எழுத்தில் நின்றுவிட்டது. குடும்பப்பெயர் காலியாக இருக்கக் கூடாதாம். மறுபடி ஓட்டினால், அந்தக் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

அதற்குள் வரவேற்பு மேசை அக்கா தொலைபேசியில் வந்தார். "மிஸ், நாளைக்கு ரத்தம் சுத்தம் பண்ண வர்றவங்க லிஸ்ட்ல ஒம்பது பேருக்கு நேரம் மட்டும் இருக்கு, பேரே இல்லீங்க. யார உள்ள கூப்புடுறது?"

சட்டென்று விளங்கியது. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பலருக்கு ஒற்றைப் பெயர்தான். இடைவெளி இல்லாத பெயரை என் நிரல் எந்தக் கட்டத்திலும் போடாமல் விட்டிருந்தது. பன்வில தோட்டத்தில் பிறந்த நானே இதைச் செய்தேன், என் அம்மாவுக்கே ஒற்றைப் பெயர்! வெட்கமாகப் போய்விட்டது. நாளை முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைப் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால் என்ன ஆவது?

ஒவ்வொரு மைக்ரேஷனுக்கும் முன்னால் தானாகவே முழுப் பேக்கப் எடுக்கும்படி நீ அந்தப் பழைய கோப்பை எழுதியபோது நான் போட்ட சண்டை! "அய்யோ, ஒன்னோட பெரிய தொல்லைடி. சின்ன மாத்தத்துக்கெல்லாம் பத்து நிமிசம் குந்திக்கிட்டு இருக்கணுமா?" என்பேன். நீ கதிரையில் உட்கார்ந்தபடியே என் பக்கம் திரும்பி, "ஓம், இருக்கத்தான் வேணும். உன்ர அவசரம் எனக்குத் தெரியாதே?" என்பாய். நீ போனபின் அதை எடுத்துவிட வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். சோம்பலில் விட்டிருந்தேன். நல்ல சோம்பல்!

பேக்கப் எங்கே சேமிக்கப்படுகிறது என்று பார்க்கத்தான் இன்று அதைத் திறந்தேன். காலையில் முதல் தடவை ஓட்டுவதற்கு முன் தானாக எடுத்த பிரதி முழுசாக இருந்தது. அதிலிருந்து எல்லாவற்றையும் மீட்டேன். அப்பாடா! பெயரை வெட்டும் வேலையையே கைவிட்டேன். நிலையத்தாருக்குக் காரணத்தைச் சொன்னேன், பிழை என்னுடையது என்றும் சொன்னேன். பிழையை மழுப்ப இப்போது எனக்கு வருவதில்லை. அது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

பகல் சாப்பாட்டுக்கு முன் அந்த அக்கா மறுபடி அழைப்பெடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். மாரியாயி, செல்லம்மா, ராமாயி... ஒன்பதும் இருந்தன.

"நல்லதாப் போச்சு மிஸ். யாருங்க சரி பண்ணுனது?"

"நாங்க ரெண்டு பேரும்தாங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான் அதைத் திருத்தவில்லை.