கழுவிய டம்ளர்

16.8.2007, வியாழன்

வெறும் தண்ணீரில் வைத்த வெங்காயம் ஏன் வேர் விடவில்லை? காலையிலிருந்து இதே யோசனை.

வெள்ளி நானோ துகள் கலந்த தண்ணீரில் சின்ன வெங்காயத்துக்கு வேர் குட்டையாகிவிடும். அது தெரிந்ததுதான். ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து கண்ணாடி டம்ளரில் வெறும் தண்ணீர் வைத்திருந்தேன். நான்கில் வேர் நீளமாக இறங்கிவிட்டது. ஒன்றில் மட்டும் எள்ளளவு. சொத்தை வெங்காயம் என்று அதை விற்ற பேட்டைக் கடைக்காரரைத் திட்டிவிட்டு, டம்ளரைக் காலி செய்து வெள்ளைத்தாள் மேல் வைத்தேன். அடியில் மெல்லிய மஞ்சள் வளையம்! நானோ வெள்ளிக் கரைசலின் நிறமே அதுதான்; போன மாதம் அதை வைத்த டம்ளர். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியவள் நானேதான். கண்ணாடியோடு இப்படியா ஒட்டிக்கொள்ளும்?

காரணம் கிடைத்த சந்தோஷம் தாங்காமல் லேப் கூட்டும் செல்வி அக்காவிடம் காட்டினேன்.

"ஒட்டுனதே இம்புட்டுன்னா, கழுவி ஊத்துனது எங்க போச்சு பாப்பா?"

சிங்க் தண்ணீர் பின்பக்கம் போகிறது. அங்கேதான் அக்கா தண்டங்கீரை போட்டிருக்கிறார். வாரா வாரம் எனக்கும் ஒரு கட்டு தருவார். சாயங்காலம் நான்கு செடியை வேரோடு பிடுங்கிக் கொடுத்து, "இதையும் பார்த்துச் சொல்லு" என்றார்.

இப்போது ஸ்கேல் வைத்து அளந்தேன். வேரெல்லாம் நன்றாக நீண்டிருக்கிறது. வெள்ளி மண்ணிலேயே தங்கிவிட்டதா? இல்லை, வேரை ஒன்றும் செய்யாமல் இலைக்கு ஏறிவிட்டதா?

போன வாரம் அம்மா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் இந்த இலைதான்.