மகனின் செல்கள்

மார்ச் 4
பிழைத்துவிட்டன! எத்தனையோ நோயாளிகளின் ரத்தம் வந்து, எல்லாம் குடுவையிலேயே மடிந்த பிறகு, தையல்காரம்மாவின் மகனுடைய ரத்தப் புற்றுச் செல்கள் மட்டும் பெருகிக்கொண்டே போகின்றன. அவன் இறந்து இரண்டு மாதம். இனி இவற்றின் மேல் எந்த மருந்தையும் சோதித்துப் பார்க்கலாம். ஆய்வகத் தலைவர் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 11
அவசரக்குடுக்கை நான். மருத்துவமனை வாசலில் அந்த அம்மாவைப் பார்த்ததும் உளறிவிட்டேன். கூடவே வந்து, நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார். "நல்லாத்தான் இருக்கான்," என்றார். இது அவன் இல்லையம்மா, அவனைக் கொன்ற நோய் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 2
இன்றும் வந்தார். குடுவையிடம் ஏதோ மெல்லப் பேசினார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 17
அடையாளச் சோதனை முடிவு வந்துவிட்டது. குடுவையில் இருப்பவை அவனுடையவை அல்ல. பல வருடங்களாக இங்கே வளரும் பழைய செல்கள் — யாரோ முன்பின் தெரியாத நோயாளியுடையவை. இரண்டுக்கும் ஒரே புட்டியிலிருந்து ஊட்டநீர் எடுத்தது நான்தான். சோம்பல், வேறென்ன? ஒரு துளி கலந்தால் போதும். அந்த முரட்டுச் செல்கள் மற்றதை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடும். அவனுடையவை எப்போது செத்தன? எனக்கே தெரியாது.
தலைவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 18
அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்கிறார் தலைவர். வீட்டில் இவரும் அதையேதான் சொல்கிறார். ஆனா மறுபடி வந்து குனிஞ்சு பார்ப்பாங்களே — அப்போ என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?

ஏப்ரல் 23
சொல்லிவிட்டேன். அவர் கடையில், தையல் இயந்திரத்துக்கு முன்னால் நின்று. என் தப்பு என்பதையும் சேர்த்தே. கால் மிதியை நிறுத்தினார்.
"அப்போ என் புள்ள ரெண்டாவது தடவையும் போயிட்டானா?"
நான் தரையைப் பார்த்தேன். அவனுடைய ரத்தத்தில் ஒரு குழாய் இன்னும் உறைபெட்டியில் இருக்கிறது, உங்களுக்குச் சம்மதமென்றால் மட்டும்தான் எடுப்போம் என்றேன். அவர் பாதி தைத்த துணியை இயந்திரத்திலிருந்து எடுத்து மடித்தார்.
"வளர்த்துப் பாருங்க. ஆனா நீங்க தொடாதீங்கம்மா."
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மே 6
அடுத்த மேசைக்காரி இன்று அந்தக் குழாயை இளக்கினாள். அவளுக்கென்று தனிப் புட்டி, தனி அறை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பழைய குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவளே அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்வது காதில் விழுந்தது: "கொஞ்சம் உயிரோட இருக்கு. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்."