என் பட்டை மட்டும் பச்சை

மார்ச் 4, செவ்வாய்

கிடங்கில் இன்று புதிய கைப்பட்டை கொடுத்தார்கள். பழையது அடுத்து எந்த அலமாரிக்கு ஓட வேண்டும் என்று மட்டும் சொல்லும். இது நாடித்துடிப்பையும் பார்க்குமாம். வீட்டிலும், விடுமுறை நாளிலும்கூடக் கழற்றக் கூடாதாம். "எல்லாம் உங்க ஆரோக்கியத்துக்காகத்தான்" என்றார் மேலாளர். போன மாதம் முதுகுவலி என்று விடுப்புக் கேட்டபோது இந்த அக்கறை எங்கே போயிருந்தது?

நடந்தால் பச்சை எரிகிறது. இரண்டு பேர் சேர்ந்து நின்றால் சிவப்பு. பொட்டலம் கட்டுகிற நெட்டை கேட்டான்: "இனிமே சங்கத்தைப் பத்தி எங்க பேசுறது? கக்கூஸ்லயா?"

மார்ச் 6, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். நிற்காமல் பேச வேண்டியதுதான்! தள்ளுவண்டியோடு எதிரெதிராக வருவோம். கடக்கும்போது ஒரு வாக்கியம், சுற்றி வந்து அடுத்த வாக்கியம். ஞாயிற்றுக்கிழமை சலவைக்கடைப் பின்கட்டில் கூட்டம் என்று நெட்டையிடம் சொல்லி முடிப்பதற்குள் காலைப்பொழுதே போய்விட்டது. நடுவில் அவன் ஒரு ஜோக்கை வேறு ஆரம்பித்துத் தொலைத்தான். முடிவு தெரிய மதியம்வரை காத்திருந்தேன். மட்டமான ஜோக்.

இங்கேயே வேலை பார்க்கிற என் தங்கச்சியும் கூட்டத்துக்கு வருவேன் என்கிறாள். வர வேண்டாம் என்றேன். அவள் வீட்டுக்காரர் இதே கிடங்கில் இடுப்பொடிந்து படுத்தவர். அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது. சொன்னால் கேட்கிறாளா? "அவருக்கு நடந்ததுக்கு யாராவது கேக்கணும்ல, அக்கா" என்கிறாள்.

மார்ச் 8, சனி

எல்லோருக்கும் தகவல் போய்விட்டது. நாளை நாலு மணிக்குப் பட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். எங்கே போனோம் என்று அது காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே. என் யோசனைதான். "மூளைக்காரி!" என்று தங்கச்சி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

மார்ச் 9, ஞாயிறு

வந்தார்கள்! இத்தனை பேரை நான் எதிர்பார்க்கவே இல்லை. துணி மூட்டைகள்மேல் உட்கார்ந்து, சோப்பு வாடையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்கள். தேர்தலில் நிற்பவர் ஒருவரும் வந்தார். படம் எடுக்கக் கூடாது என்றதும் முகம் சுண்டிவிட்டது. "அப்புறம் நான் எதுக்கும்மா வந்தேன்?"

சங்கம் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். எல்லாக் கையும் எழுந்தது. எல்லா மணிக்கட்டிலும் பட்டை கிடந்த இடம் வெளுத்திருந்தது.

மார்ச் 10, திங்கள்

தோள்வலி. வேறொன்றுமில்லை.

மார்ச் 14, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் வாசல் கதவில் பட்டையைக் காட்டினேன். பச்சை. உள்ளே போனேன். பின்னால் நெட்டை — சிவப்பு. கதவு திறக்கவில்லை. அவனுக்குப் பின்னால் வந்தவருக்கும் சிவப்பு. தங்கச்சிக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்த ஒவ்வொருவருக்கும் சிவப்பு.

மேலாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உங்க எல்லார் நாடியும் ஒண்ணா நின்னுபோச்சே! நான் பயந்தே போயிட்டேன்." விதியை மீறிப் பட்டையைக் கழற்றியவர்களுக்கு இனி வேலை இல்லையாம்.

எங்கே போனோம் என்று அதற்குத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. யார் யார் என்று நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஐயோ, ஆளுக்கொரு நேரம் கழட்டுங்கன்னு சொல்ல எனக்கு ஏன் தோணல?

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து தங்கச்சி என்னையே பார்த்தாள். "உன்னுது மட்டும் எப்படிக்கா திறந்துச்சு?"

நானும் கழட்டினேன்டி. சத்தியமா கழட்டினேன். வாய் திறந்து சொன்னேனா? இல்லையே. மரம் மாதிரி நின்னேன்.

மார்ச் 15, சனி

விஷயம் தெரிந்துவிட்டது. மகள் சொன்னாள்: "அன்னிக்கு நீ கூட்டத்துக்குப் போனதும் உன் பட்டையை நான் போட்டுக்கிட்டேன்மா. குதிச்சா பச்சையா வருது!" அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். குழந்தை முகத்தை மூடிக்கொண்டது. பிறகு அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

மார்ச் 16, ஞாயிறு

மகளை அழைத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். நெட்டையும் அங்கே இருந்தான். மகள் குதித்துக்கூடக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை.

தங்கச்சி சொன்னாள்: "குழந்தைக்குமா பாடம் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கே?"

நெட்டை எழுந்து கதவைத் திறந்துவிட்டான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 17, திங்கள்

நேரே மேலாளர் அறைக்குப் போய், "அந்தக் கூட்டத்தைக் கூட்டினதே நான்தான், என்னையும் அனுப்புங்க" என்றேன். அவர் என் மணிக்கட்டை எட்டிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "உங்க பட்டை அப்படிச் சொல்லலையேம்மா. நீங்க இருங்க. நீங்க இருக்கிறதுதான் எங்களுக்கு நல்லது."

படுபாவி. எல்லாம் புரிந்துதான் சொல்கிறான்.

மார்ச் 20, வியாழன்

வேலையை விட்டுவிடவா? விட்டால், குட்டு உடைந்ததும் ஓடிவிட்டாள் என்பார்கள். இருந்தால், கூலி வாங்கிக்கொண்டு இருக்கிறாள் என்பார்கள். எப்படிப் போனாலும் நான் காட்டிக்கொடுத்தவள்தான். மகளின் பள்ளிக்கூடம், வாடகை... இருக்கிறேன். அவ்வளவு பெரிய தியாகியெல்லாம் இல்லை நான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கூட்டத்துக்கு வந்த அந்த வேட்பாளர் தேர்தலில் ஜெயித்துவிட்டார். கிடங்கின் புதுக் கட்டடத்துக்கு வந்து நாடா வெட்டினார். மேலாளரோடு நிறையப் படம் எடுத்துக்கொண்டார்.

மே 2, வெள்ளி

தங்கச்சி வீட்டு வாசலில் காய்கறிப் பையை வைத்துவிட்டு வந்தேன். மாலையில் அது என் வீட்டு வாசலில் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

போனவர்கள் இடத்துக்குப் புது ஆட்கள் வந்து பழகிவிட்டார்கள். அதில் ஒரு பெண் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்ததும் நகர்ந்தாள். பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்ககிட்ட எதுவும் பேசக் கூடாதுன்னு வெளியில சொல்லியிருக்காங்க." யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "உசரமா ஒரு அண்ணன்."

மதியம் பார்த்தேன். கடைசி வரிசை அலமாரிகளுக்கு நடுவே இரண்டு தள்ளுவண்டிகள் எதிரெதிராக வந்தன. கடக்கும்போது உதடு மட்டும் அசைந்தது. சுற்றி வந்து, மறுபடி. என் தந்திரம்! நெட்டை வெளியிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வண்டி பக்கத்தில் வந்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் மூடச் சொல்லியிருப்பேன்.

அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று வேகமாகத் தள்ளிக்கொண்டு போனேன். பட்டையில் பச்சை எரிந்தது.