புகல்மனைப் பூட்டுகளைத் திறக்க விடுத்த ஓலை

வளம் பெருகுக! வெண்குன்ற நாட்டின் அரசியும், முப்படைக்கும் தலைவியும், அண்மையில் நீரே கல்லில் வெட்டுவித்தபடி ‘வீடிலார்க்கு வீடு தந்தாள்’ என்னும் பட்டம் சூடியவளுமாகிய நல்லினிமாதேவி, நெய்தல்மேட்டுப் புகல்மனை அதிகாரி கூத்தன் பெருந்தேவனார்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும், உம் சுற்றத்துக்கும், ஒழுகாத உம் வீட்டுக் கூரைக்கும் நலமே நிலைப்பதாக.

உம் பதினோராம் ஓலை கிடைத்தது. போரில் உறுப்பிழந்த வீரர்க்கும், வெள்ளத்தில் வீடிழந்த குடும்பங்களுக்கும், கேட்பாரற்றுத் தெருவில் கிடப்போர்க்கும் நாம் எழுப்பச் சொன்ன அறுபது மனைகளும் முடிந்து ஓராண்டு ஆயிற்று என்றும், சுவரில் ஒரு கறையில்லை, அடுப்பில் ஒரு கரியில்லை, கிணற்றடியில் ஒரு சண்டையில்லை என்றும் எழுதியிருந்தீர். ஆளே இல்லாத இடத்தில் அமைதி காத்த உம் திறத்தை என்னவென்பது! குடியேறுவோர்க்கென நாம் அமர்த்திய மருத்துவர் இதுவரை உம் கழுத்துவலி ஒன்றையே பார்த்தார் என்பதும், தொழில் கற்பிக்க வந்த நெசவாசான் உமக்கு மூன்று மேலாடை நெய்து முடித்தார் என்பதும் அறிந்து மகிழ்ந்தோம்.

புதுமனையில் முதற்பாலை அரசியே காய்ச்சுவது மரபென்றும், அதுவரை எவரும் வாசற்படி மிதிக்கலாகாதென்றும் சொல்லி நாள் கேட்டிருந்தீர். எல்லைப் போரில் இருந்த நாம் நாளும் குறிக்கவில்லை; அம்மரபு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பிழை எம்முடையது.

ஆயினும், காவலர் விடுப்புக்கு அரசாணை வேண்டுமென்னும் விதி தவறாமல், உம் வாயிற்காவலன் எயினன் சாத்தனின் விண்ணப்பத்தையும் சேர்த்துக் கட்டியனுப்பினீரே, அதற்கு நன்றி. கணவாய்ப் போரில் எமக்கு முன்னே நின்று வலக்காலை இழந்தவன் அவன். இன்று ஊன்றுகோலோடு நின்று, வீடற்றோர் எவரும் அம்மனைகளுக்குள் நுழைந்துவிடாதபடி காக்கிறான். அவனும் நிறைசூலியான அவன் மனைவி வெண்ணியும் மதிலுக்கு வெளியே, புளியமரத்தடியில், நான்கு கீற்றுகளின் கீழ் வாழ்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டதால், பிள்ளைப்பேற்றுக்குக் கூரையுள்ள இடம் எங்கேனும் தேடி அவளை அழைத்துச் செல்லப் பத்து நாள் விடுப்புக் கேட்கிறான். பூட்டுக்குக் கிடைத்த கூரை தன் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே என்று அவள் நொந்துகொண்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறான். அதன் அடியில் நீர், காலி மனைகளைக் காவலின்றி விட இயலாதாகையால் விடுப்பு மறுக்கத்தக்கது எனப் பரிந்துரைத்திருக்கிறீர். படித்தபோது வெட்கத்தால் எம் முகம் எரிந்தது.

உம் பரிந்துரையை ஏற்றோம், விடுப்பு மறுக்கப்பட்டது. அவன் எங்கும் போக வேண்டியதில்லை.

ஓலை கண்ட அப்பொழுதே முதல் மனையை வெண்ணிக்குத் திறந்துவிடுக. முதற்பால் அவள் கையால் பொங்குக. அவளால் இயலாதெனில் சாத்தன் காய்ச்சட்டும், அடுப்பை நீர் ஊதுக. மருத்துவர் அவள் அருகிலேயே இருக்கட்டும். மற்ற மனைகளும் அன்று மாலைக்குள் நிறையட்டும். கறையும் கரியும் சண்டையும் தொடங்கிவிட்டன என்று உம் பன்னிரண்டாம் ஓலை சொல்லட்டும். எம் பட்டம் பொறித்த கல்லைப் பெயர்த்து, எழுத்து மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து, கிணற்றடியில் போடுக; பிள்ளையின் துணிகளைத் துவைக்க உதவும்.

இது எம் ஆணை. இலச்சினை இட்டோம்.

பட்டங்கள் ஏதுமின்றி,
நல்லினி.