சகலையின் கணக்கில் சேர்ந்த என் மனைவியின் பங்குகள்

அனுப்புநர்:
சரக்கறைப் பொறுப்பாளர் மற்றும் பங்குதாரர்,
தண்ணீர்ப் பம்பு தொழிற்சாலை.

பெறுநர்:
நிறுவனப் பதிவாளர் அவர்கள்.

பொருள்: பிளாக்செயினில் பதிவான பங்கு மாற்றத்தை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பிறர் குடும்பச் சண்டைகளையும் பொறுமையாகப் படிக்கும் ஐயா அவர்களுக்கு,

1. எங்கள் நிறுவனத்தில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். முன்பு பங்குப் பதிவேடு மேலாளரின் இரும்பு அலமாரியில் இருந்தது. யாரிடம் எவ்வளவு என்று தெரியாததால் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது பதிவேடு பிளாக்செயினுக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு வாங்கலும் விற்றலும் எல்லார் கைப்பேசியிலும் தெரிகிறது. எழுதியதை யாராலும் அழிக்க முடியாது.

2. பதிவேட்டில் பெயர்கள் இல்லை, நீண்ட எண்கள்தான். ஆனால் கடைசல் பிரிவு மேற்பார்வையாளரான என் சகலை, ஒரு விருந்தில் தன் எண்ணைத் தானே எல்லாருக்கும் காட்டினார். அது எனக்கு மனப்பாடம். அவர் பங்கு வாங்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை. பொறாமைதான் ஐயா, மறைக்கவில்லை.

3. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அதிகப் பங்கு உள்ள கணக்குக்கு முன்வரிசை. ஒரே கணக்கில் இருப்பவர்கள் அருகருகே உட்காரலாம். சகலையை முந்துவதற்காக, மாமனார் என் மனைவிக்குக் கொடுத்த பங்குகளையும் என் கணக்கில் சேர்த்தேன். அப்படியும் இரண்டாம் வரிசைதான் கிடைத்தது.

4. நான் வேலையில் இருக்கும்போது சகலை எதையாவது வாங்கினால் உடனே நாமும் வாங்க வேண்டும் என்று, கணக்கின் ரகசியச் சாவியை மனைவியிடம் கொடுத்தேன். அவர் அதைக் கொண்டு தன் பங்குகளைத் தன் அக்காவும் என் சகலையும் வைத்திருக்கும் கணக்குக்கு மாற்றி, தானும் அதில் சேர்ந்துகொண்டார். என்னுடையதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அந்த நேர்மைதான் அதிகம் சுடுகிறது.

5. காரணம் கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அக்கா பக்கத்துல உக்காந்தா நாலு வார்த்தை சிரிச்சுப் பேசலாம். நீங்க போன தடவை கூட்டம் முழுக்க அத்தான் பிடரியையே முறைச்சுக்கிட்டு இருந்தீங்க. பக்கத்துல நான் இருந்ததாவது தெரியுமா?"

6. மேலாளரிடம் முறையிட்டேன். பதிவை அழிக்க வழியில்லை, உங்கள் வீட்டம்மாவே மனம் வைத்துத் திருப்பி அனுப்பினால்தான் உண்டு, கேட்டுப் பாருங்களேன் என்றார். நான் கேட்கவில்லை. கேட்டால் அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் சகலைக்குத் தெரியும். அவர் பெருந்தன்மையாக என் தோளில் தட்டுவார். அதை என்னால் தாங்க முடியாது.

7. வரும் கூட்டத்தில் சகலை, அவர் மனைவி, என் மனைவி மூவருக்கும் முன்வரிசை. எனக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் ஓர் இடம். மூவரும் சேர்ந்து சிரிப்பது அங்கேயும் கேட்கும்.

ஆகவே, அந்தப் பங்கு மாற்றத்தை ரத்து செய்ய ஆணையிடுமாறு வேண்டுகிறேன். சட்டம் இடம் தராவிட்டால், என் மனைவிக்கு அருகில் ஒரு நாற்காலி மட்டும் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்தால் சகலையின் பிடரி எனக்குத் தெரியாது என்பதையும் கருத்தில் கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: பொதுக்கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு
இடம்: என் வீட்டுக் கூடம், மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருக்கும் நேரம்

இப்படிக்கு,
(ஒப்பம்)
சரக்கறைப் பொறுப்பாளர்